குரலும் உருவமும்: வில்லியம் கான்ராட்

வில்லியம் கான்ராடின் புகைப்படத்தை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்டது ஏமாற்றம்தான். அந்த ஏமாற்றத்தைப் பரிசீலிக்க வேண்டியிருக்கிறது.

சில மாதங்களாக, பாங்க் வேலை முடிந்து வந்த இரவுகளில், 'கன்ஸ்மோக்' என்ற அமெரிக்க வானொலி நாடகத் தொடரின் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டு வருகிறேன். சி.பி.எஸ். வானொலியில் 1952 ஏப்ரலில் தொடங்கி 1961 ஜூன் வரை நடந்த தொடர் இது. கான்ஸாஸ் மாநிலத்து டாட்ஜ் சிட்டியில், 1870களில் நடக்கும் கதைகள். சட்டத்தைக் காக்க வேண்டிய மார்ஷல் மாட் டில்லனாக நடித்தவர் கான்ராட். என் மனதில் டில்லன் நெடிய, வற்றிய, வெயிலில் காய்ந்த மனிதன். புகைப்படத்தில் இருந்தவரோ பருத்த உடம்பும் மீசையும் கொண்டவர். 'இவரா?' என்று கேட்டுக்கொண்டேன். 1955இல் இத்தொடர் தொலைக்காட்சிக்குப் போனபோது அங்கிருந்தவர்களும் இதையேதான் கேட்டிருக்கிறார்கள்.

கான்ராட் 1920இல் கென்டக்கி மாநிலத்து லூயிவில்லில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் விமானியாக இருந்துவிட்டு வந்து, லாஸ் ஏஞ்சல்ஸ் வானொலியில் நடித்துப் பிழைத்தார். தாம் ஏற்ற வானொலிப் பாத்திரங்கள் 7,500 இருக்கும் என்பது அவரே சொன்ன மதிப்பு. இதைக் கலைக் கணக்கு என்பதைவிடக் கூலிக் கணக்கு என்பதே பொருந்தும். இவ்வளவு பேசியும் ஒரு மனிதர் தேய்ந்துபோகவில்லை என்பதே நம் கவனத்துக்குரியது.

கனத்த குரல் இயற்கை தந்தது. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அந்தக் கனத்தை எங்கே பயன்படுத்தாமல் விடுவது என்று அறிந்ததில்தான் கான்ராட் நடிகராகிறார். டில்லனின் குரலில் வீரம் கிடையாது. ஒரு களைப்பு இருக்கிறது. தயாரிப்பாளர் நார்மன் மக்டானலும் பெரும்பாலான கதைகளை எழுதிய ஜான் மெஸ்டனும் அமைத்த உலகில் மார்ஷல் பல சமயம் தாமதமாகத்தான் வந்து சேர்கிறான். மரப்பலகை நடைபாதையில் பூட்ஸ் சத்தம், குதிமுள்ளின் கிணுகிணுப்பு, கதவு, பிறகு எதுவுமில்லை. வார்த்தையில்லாமல் சில விநாடிகள் போகின்றன. அப்புறம் கான்ராட் மெதுவாக நாலு சொல் சொல்கிறார். இந்த இடைவெளியில்தான் கேட்பவன் டில்லனுக்கு உடம்பு செய்துகொள்கிறான். என் நெடிய மனிதனை நான் இங்கேதான் செய்தேன். செய்வதற்கான இடத்தை விட்டுத்தந்தவர் கான்ராட். ஆக, அவரை வெளியேற்றிய உருவம் அவர் குரலே எழுப்பிய உருவம். சுமாராக நடித்திருந்தால் அவர் உடம்பு யாரையும் உறுத்தியிருக்காது.

தொலைக்காட்சியில் ஜேம்ஸ் ஆர்னெஸ் டில்லனானார். ஆறடி ஏழங்குலம். 1975 வரை, இருபது ஆண்டுகள் அதில் நின்றார். வானொலியின் முக்கிய நடிகர் நால்வரில் ஒருவர்கூட அந்த வேடங்களுக்கு எடுக்கப்படவில்லை. ஆனால் வானொலித் தொடர் நிற்கவில்லை. மேலும் ஆறு ஆண்டுகள் கூடவே நடந்தது. அந்த ஆண்டுகளில் திரையில் ஆர்னெஸைப் பார்த்துவிட்டு வானொலியைத் திருப்பியவன், கான்ராடின் குரலை ஆர்னெஸின் உடம்பில் வைத்துத்தான் கேட்டிருப்பான். தன் குரலுக்கு வேறொருவன் உடம்பு நிலைத்துவிட்டது என்று தெரிந்தே ஒரு நடிகர் வாராவாரம் மைக் முன் நின்றார். பிந்திய பதிவுகளிலும் அந்தக் களைப்பு அளவு மீறவில்லை, தன்னிரக்கமாக மாறவில்லை. இதைத்தான் நான் அவருடைய சாதனை என்பேன்.

வானொலி தூய்மையானது, திரைதான் கெடுத்தது என்று பேச நான் தயாரில்லை. 1928இல் தொடங்கிய 'ஏமாஸ் அண்ட் ஆண்டி' தொடரில் கறுப்பர்களாகப் பேசிக் கோடிக்கணக்கானோரைச் சிரிக்க வைத்தவர்கள் இரண்டு வெள்ளையர்கள். குரலுக்கு உடம்பு தேவையில்லை என்ற சௌகரியம் அங்கே திருட்டாக இருந்தது. 1951இல் அது தொலைக்காட்சிக்கு வந்தபோது கறுப்பின நடிகர்களை வைத்தே எடுக்க வேண்டியதாயிற்று. காணாமையே ஒரு அறம் ஆகிவிடாது.

கான்ராடின் உடம்பைத் திரை அறவே மறுத்ததாகவும் சொல்ல முடியாது. 1946இல் ராபர்ட் சியோட்மாக்கின் 'தி கில்லர்ஸ்' படத்தில் கூலிக் கொலையாளியாக அது இடம் பெற்றது. அறுபதுகளில் 'தி ஃப்யூஜிடிவ்' தொடருக்குக் கதைசொல்லியாக முகமில்லாத குரல். 1971இல் அதே சி.பி.எஸ். 'கானன்' தொடரில் அவரைத் துப்பறிபவராக்கியது. அங்கே அவருடைய பருமனே பாத்திரத்தின் அடையாளம். 1994இல் இறந்தார்.

பாங்க் கவுண்டரில் எனக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. தொலைபேசியில் 'சார்' என்று நான் மரியாதையோடு பேசிய குரல், மறுநாள் அழுக்கு வேட்டியோடு நேரில் வந்து நிற்கும்போது என் தொனி இறங்கிவிடுகிறது. இதை வெகுநாள் நான் கவனிக்கவில்லை. கான்ராடின் படத்தைப் பார்த்த அன்றுதான் கவனித்தேன்.

பிறகு ஒரு நாடகத்தை மறுபடி போட்டு, அந்த பூட்ஸுக்குள் பருத்த மனிதரை நிறுத்திக் கேட்டுப் பார்த்தேன். பத்து நிமிஷம் நின்றார். அடுத்த மௌனம் வந்ததும் நெடியவன் திரும்பி வந்துவிட்டான்.