வெயிட் போட்டவள்: கே.சி. லேகாவை மறந்த கதை

2006 நவம்பரில் டெல்லியில் பெண்களுக்கான உலகக் குத்துச்சண்டைப் போட்டி நடந்தது. இந்தியாவுக்கு நான்கு தங்கம். வென்றவர்களில் மேரி கோமை எல்லோருக்கும் தெரியும். மணிப்பூரின் சரிதா தேவியை விளையாட்டுப் பக்கம் படிப்பவர்களுக்குத் தெரியும். மிசோரமின் ஜென்னியைத் தெரிந்தவர்கள் குறைவு. நான்காமவர் கேரளத்தின் கண்ணூரைச் சேர்ந்த கே.சி. லேகா. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மாணவிகளிடம் பேசும்போதெல்லாம் இந்தப் பெயரைச் சொல்லிப் பார்க்கிறேன். இதுவரை ஒருவரும் கேள்விப்பட்டதாகச் சொன்னதில்லை. தொலைவைக் காரணம் காட்ட முடியாது. புதுச்சேரியிலிருந்து மங்களூர் போகும் ரயில் விழுப்புரத்தில் ஆளேற்றிக்கொண்டு கண்ணூர் வழியாகத்தான் போகிறது. நாம் பெயர் அறிந்த மேரி கோமின் மணிப்பூர் அதைவிடப் பல மடங்கு தூரம்.

லேகா வென்றது 75 கிலோ பிரிவில். அதைவிடக் கனமான பிரிவுகளும் அந்தப் போட்டியில் இருந்தன என்றாலும், அன்று தங்கம் வென்ற நான்கு இந்தியப் பெண்களில் அதிக எடைப் பிரிவில் நின்றவர் அவர்தான். மேரி கோம் 46 கிலோ, சரிதா 52, ஜென்னி 63. அதன் பிறகு 16 ஆண்டுகளுக்கு மேல் 75 கிலோவிலோ அதற்கு மேலோ எந்த இந்தியப் பெண்ணும் உலகப் பட்டம் வெல்லவில்லை. 2023 மார்ச்சில்தான் 75 கிலோவில் லவ்லினா போர்கோஹெய்னும் 81 கிலோவில் ஸவீட்டி பூராவும் வென்றார்கள். இவ்வளவு காலம் தனியாக நின்ற ஒரு சாதனை ஏன் யார் வாயிலும் இல்லை?

தமிழில் 'வெயிட்' என்ற சொல் புழங்கும் விதத்தைக் கவனித்தால் கொஞ்சம் பிடிபடும். ஓர் ஆண் 'வெயிட்டான ஆளு' என்றால் அவனுக்குப் பணமோ பதவியோ பின்னால் ஆள்கூட்டமோ இருக்கிறது என்று பொருள். நடிகர் நன்றாக நடித்தால் 'செம வெயிட்டு'. பெண்ணைப் பற்றி அதே சொல் வரும்போது 'வெயிட் போட்டுட்டா' என்று ஆகிவிடுகிறது. அது பிரசவத்துக்குப் பிறகு மாமியார் வீட்டில் சொல்வது, பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் தரகரிடம் சொல்லி அனுப்புவது. 75 கிலோ பிரிவில் நிற்க ஒரு பெண் அந்த எடையைச் சேர்க்க வேண்டும், தசையாக்க வேண்டும், தராசில் ஏறி ஊர் பார்க்க அதைக் காட்ட வேண்டும். நம் வீடுகளில் எந்தப் பெண்ணுக்கும் இதற்கு அனுமதி கிடையாது. கடைசியாகச் சாப்பிடுகிறவள் எங்கிருந்து எடை சேர்ப்பாள் என்பது தனிக் கேள்வி.

இத்தனைக்கும் இந்த மாவட்டத்துப் பெண்களுக்குப் பாரம் புதிதில்லை. மரக்காணம் உப்பளத்தில் கூடை கூடையாக உப்பு சுமப்பவர்களும், கழனியில் கரும்புக் கட்டுத் தூக்குபவர்களும், சூளையில் செங்கல் அடுக்குபவர்களும் பெண்களே. அந்த பலம் கூலிக்கணக்கில் ஆணைவிடக் குறைவாக எழுதப்படுகிறது. பலம் என்ற பெயரில் அது எங்கும் எழுதப்படுவதில்லை.

லேகாவைக் குறைத்து மதிப்பிடுபவர்களின் வாதங்களையும் பார்க்கலாம். போட்டி நடந்தது சொந்த மண்ணில் என்பார்கள். நால்வருக்கும் அது சொந்த மண்தான், மேரி கோமின் தங்கத்தை யாரும் அதற்காகக் கழிப்பதில்லை. கனமான பிரிவுகளில் பெண்கள் குறைவு என்பது இன்னொரு வாதம். பெண்களைக் கனமாக வளரவிடாத உலகத்தில் ஆள் குறைவாகத்தான் இருக்கும், அதை மீறி வந்தவரின் மதிப்பு அதனால் எப்படிக் குறையும்? ஒரே ஒரு உலகப் பட்டம்தானே என்பதில் மட்டும் நியாயம் இருக்கிறது. ஆறு முறை வென்ற மேரி கோமுக்கு லேகா சமமானவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மேரி கோமின் கணக்கில் ஒலிம்பிக்கும் சேர்ந்திருக்கிறது. பெண்கள் குத்துச்சண்டைக்கு ஒலிம்பிக் கதவு திறந்தது 2012 லண்டனில்தான். அங்கே ஆண்களுக்குப் பத்துப் பிரிவுகள், பெண்களுக்கு மூன்றே மூன்று: 51, 60, 75. லேகாவின் 75 அதில் இருந்தது, ஆனால் அவருடைய வெற்றிக்கு ஆறு ஆண்டு பிந்தி வந்தது. அவருக்குத் தயான் சந்த் விருது கிடைத்தது 2021இல், பட்டம் வென்று 15 ஆண்டுகள் கழித்து. அதைப் பாராட்டு என்பதைவிட நிலுவைப் பாக்கி என்பதே சரி.

சினிமாவும் இந்தக் கணக்கையே போடுகிறது. 'இறுதிச்சுற்று' (2016) நல்ல படம். ரித்திகா சிங்கின் மதி சீறுகிறாள், குத்துகிறாள். இருந்தாலும் அவள் உடல் கதாநாயகிக்குரிய ஒல்லியை விட்டு ஒரு அங்குலம் விலகவில்லை. 'சார்பட்டா பரம்பரை'யில் (2021) கபிலனுக்குத் தொப்பை விழுகிறது, பிறகு கரைகிறது. ஆணின் எடை வீழ்ச்சியாகவும் மீட்சியாகவும் ஒரு கதையாக முடிகிறது. அதே படத்தில் மாரியம்மாவுக்கு எவ்வளவோ கோபமும் வலுவும் இருந்தும் அவள் நிற்கும் இடம் மேடைக்கு வெளியேதான். இயக்குநரைக் குறை சொல்லிப் பயனில்லை, அந்தக் காலத்து வடசென்னை மேடை அப்படித்தான் இருந்தது. எழுபத்தைந்து கிலோப் பெண்ணை நாயகியாக வைத்து எடுக்க இன்றும் யாரிடமும் கதை இல்லை என்பதுதான் என் புகார்.

2006 பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். லேகா வென்ற அடுத்த மாதம் தோஹா ஆசியப் போட்டியில், புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கம் பிடுங்கப்பட்டது. நவம்பரில் ஒரு பெண்ணின் வலுவான உடலைக் கண்டுகொள்ளாத அதே ஊடகம் டிசம்பரில் இன்னொரு பெண்ணின் உடலைப் பிரித்துப் போட்டு விவாதித்தது. அளவுக்கு மீறிய உடல் என்றால் கண்ணை மூடிக்கொள்வது, இல்லையேல் துகிலுரிவது. இடையில், அவள் எப்படிக் குத்தினாள், எப்படி ஓடினாள் என்று பேசுவதற்கு நமக்கு மொழி வாய்க்கவில்லை. கிரிக்கெட் வீரனின் ஒரு கவர் டிரைவுக்குப் பத்தி பத்தியாக எழுதத் தெரிந்தவர்கள் நாம்.

லேகாவின் இடத்தை நிர்ணயிக்க அவருக்குப் பின் வந்தவர்களைப் பார்த்தாலும் போதும். ஸவீட்டி பூரா 2014இல் 81 கிலோவில் உலக வெள்ளி வென்றார், 2023இல் தங்கம். அந்த எடைக்கு ஒலிம்பிக்கில் இடமே இல்லை. 2024 பாரிஸில் ஆண்களுக்குக் கடைசிப் பிரிவு 92 கிலோவுக்கு மேல், அதற்கு உச்சவரம்பு கிடையாது. பெண்களுக்கு 75 கிலோவோடு முடிந்தது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் அட்டவணையிலும் பெண்களின் கடைசிப் பிரிவு 75தான்.