விகடகவி தோற்கும் இடம்

பைத்தான் மொழியைப் புகழ்பவர்கள் முதலில் சொல்வது அதன் ஒழுங்கைத்தான். பட்டியலோ டியூப்பிளோ சரமோ, நீளம் கேட்க ஒரே லென். ஓர் உறுப்பை எடுக்க ஒரே சதுர அடைப்புக்குறி. திருப்பிப் போட ஒரே வெட்டு. ஒன்றைக் கற்றால் மூன்றும் கைவரும் என்கிறார்கள். தமிழ்நாட்டின் பிளஸ் டூ கணினி அறிவியலுக்கு 2019-இல் பைத்தான் வந்தபோது இந்த எளிமையும் கூடவே வந்தது.

அது மெய்தான். 2008-இல் வெளியான பைத்தான் 3 எழுத்துரையையும் பைட்டுகளையும் பிரித்து வைத்தது பெரிய காரியம்.

ஆனால் ‘கள்ளக்குறிச்சி’யின் நீளத்தைக் கேட்டால் 14 என்கிறது. அந்த ஊரில் எந்தப் பிள்ளையும் எட்டெழுத்து என்றே சொல்லும். மூன்று புள்ளி, இரண்டு இகரக் குறி, ஓர் உகரக் குறி ஆகிய ஆறையும் பைத்தான் தனித்தனி உறுப்பாக எண்ணிவிடுகிறது. கல்வராயன் மலையிலுள்ள ‘வெள்ளிமலை’யின் முதல் உறுப்பைக் கேட்டால் கொம்பை இழந்த ‘வ’ மட்டும் வருகிறது. ‘விகடகவி’யைத் திருப்பினால் ஒட்ட மெய்யில்லாத இகரக் குறி முன்னால் வந்து நிற்கிறது, இரண்டும் ஒன்றா என்றால் ‘இல்லை’ என்று பதில். மாணவர் எழுதிய நிரலில் பிழையில்லை, எச்சரிக்கையும் இல்லை. விடை மட்டும் தவறு.

பட்டியலில் ஓர் உறுப்பை எடுத்தால் மற்றவை குலையாது. தமிழ்ச் சரத்தில் உறுப்பை எடுத்தால் எழுத்தே உடைகிறது. இரண்டுக்கும் ஒரே குறியீட்டைக் கொடுத்துவிட்டு அதை ஒழுங்கு என்று கொண்டாடுவது எப்படிச் சரி?

இது யூனிகோடின் குறை, மொழியின் குறையல்ல என்பது வழக்கமான வாதம். 2014-இல் ஆப்பிள் வெளியிட்ட ஸ்விஃப்ட்டும் அதே யூனிகோடில்தான் ஓடுகிறது. அது கள்ளக்குறிச்சிக்கு 8 என்கிறது, விகடகவியையும் ஒப்புக்கொள்கிறது. அதற்கு ஸ்விஃப்ட் கொடுத்த விலை, பட்டியலுக்கும் சரத்துக்கும் இடையிலான ஒற்றுமை. அங்கே சரத்தின் உறுப்பைச் சும்மா எண்ணைப் போட்டு எடுக்க முடியாது. சரத்துக்கென்று தனிச் சுட்டு வேண்டும். புதிதாகக் கற்பவருக்கு எரிச்சல்தான். என்றாலும் கொடுக்க வேண்டிய விலை அது.

பைத்தானில் ஓப்பன்-தமிழ் நூலகம் கைகொடுக்கிறது. அதன் கெட்_லெட்டர்ஸ் சொல்லை எழுத்துப் பட்டியலாக்கித் தந்தபின் அதே லென் 8 என்கிறது, அதே வெட்டு விகடகவியைச் சரியாகத் திருப்புகிறது. தமிழ்ச் சொல் சரமாக இருக்கும்வரை அந்தப் புகழ்பெற்ற ஒழுங்கால் அதற்கு ஒரு பயனும் இல்லை. தமிழ்வழி வகுப்பில் சரத்தைத் தொடங்கும் நாளிலேயே மாணவர்கள் தங்கள் ஊர்ப்பெயரை லென்னுக்குக் கொடுத்து, விரல்விட்டு எண்ணியதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.