இயங்க மறுக்கும் கணிப்பொறியும் ஓர் ஆங்கில நூலும்

கடையநல்லூரில் ஒரு மாணவர், வளைகுடா நாட்டிலிருந்து தந்தை அனுப்பிய பணத்தில் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி, கணிப்பொறி ஒன்றைத் தாமே பூட்டி முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பொத்தானை அழுத்தியதும் விசிறி சுழல்கிறது. திரையோ இருண்டே கிடக்கிறது. "மதர்போர்டு போய்விட்டது" என்று யாரோ சொல்ல, நல்ல பலகையைத் தள்ளிவிட்டு வேறொன்று வாங்கினால் பல ஆயிரம் ரூபாய் வீண். இத்தகைய வேளையில் ஒரு நூல் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

இத்துறையில் பெரிதும் பேசப்படும் நூல் ஸ்காட் முல்லர் எழுதிய 'அப்கிரேடிங் அண்ட் ரிப்பேரிங் பிசிஸ்' ஆகும். 1988-இல் முதற்பதிப்பு கண்ட இந்நூலின் 22-ஆம் பதிப்பு 2015-இல் வெளிவந்தது. ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூல். அதன் நிறைகுறைகளை நம் ஊர் வாசகரின் நோக்கில் காண்போம்.

நூலின் முதற் சிறப்பு, மின்வழங்கிக்கு அது தரும் இடம். கடைக்காரர் எஸ்.எம்.பி.எஸ். என்று கூறும் இப்பெட்டியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. முல்லரோ இதற்கெனத் தனி இயலே ஒதுக்கியுள்ளார். மின்வழங்கி உயிர்பெற்றதும் தன் மின்னழுத்தங்கள் நிலைபெற்றனவா என்று பார்த்து, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு முதல் அரை நொடி வரையிலான காலத்திற்குப் பின் "மின்சாரம் நலம்" என்னும் குறிப்பைத் தாய்ப்பலகைக்கு அனுப்புகிறது. அக்குறிப்பு வராதவரை செயலி வேலையைத் தொடங்காது. இதை அறிந்தவர் விசிறி சுழல்வதைக் கண்டு ஏமாற மாட்டார். விசிறிக்குத் தேவை 12 வோல்ட் மட்டுமே. செயலிக்குரிய மின்சாரமோ பெரும்பாலும் 8 முனை கொண்ட வேறொரு செருகி வழியே வந்து, பலகையில் ஏறத்தாழ 1 வோல்ட்டாகக் குறைக்கப்படுகிறது. அச்செருகியைப் பூட்ட மறந்தால் விசிறி சுழலும், கணிப்பொறி எழாது.

இரண்டாவது சிறப்பு, தொடுமுனைகளைப் பற்றிய விளக்கம். தங்கப் பூச்சுள்ள முனையுடன் வெள்ளீயப் பூச்சுள்ள முனை சேர்ந்தால், நாளடைவில் ஆக்சைடு படிந்து இணைப்புக் கெடும் என்பதை நூலின் பல பதிப்புகள் எடுத்துரைக்கின்றன. இன்றைய நினைவகப் பட்டைகள் தங்கப் பூச்சுடையவை. ஆயினும் குற்றாலச் சாரல் வீசும் மாதங்களில் ஈரமும் தூசியும் சேர்ந்து முனைகளில் படிதல் கூடும். பட்டையைக் கழற்றி, உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, "டக்" என்னும் ஒலி கேட்கும்வரை அழுத்திப் பொருத்துவது நல்ல வழி. நம்மிடையே பலர் செய்வதுபோல் பென்சில் அழிப்பானால் தேய்ப்பது தங்கப் பூச்சையே தேய்த்துவிடும்.

இனிக் குறைகள். ஐயத்திற்குரிய உறுப்பை எடுத்துவிட்டு, நல்லதென்று தெரிந்த மற்றொன்றை வைத்துப் பாருங்கள் என்பது நூல் கூறும் முக்கிய வழிகளுள் ஒன்று. பழுது பார்க்கும் கடைக்கு இது எளிது. ஒரே ஒரு செயலியும் ஒரே ஒரு பலகையும் உடைய மாணவர் மாற்று உறுப்புக்கு எங்கே போவார்? நூல் யாருக்காக எழுதப்பட்டது என்பதை இவ்விடம் காட்டிவிடுகிறது.

அடுத்து, "பீப்" ஒலிகளின் பட்டியல். திரைப்பகுதி பழுதென்றால் அவார்டு நிறுவனத்தின் தொடக்க நிரல் ஒரு நீண்ட ஒலியும் இரு குறுகிய ஒலிகளும் எழுப்பும், ஏ.எம்.ஐ. நிரலோ எட்டுக் குறுகிய ஒலிகள் எழுப்பும். இது இயந்திரத்தை ஆக்கியோரின் குறையே. ஒரே நோயை ஆளுக்கொரு மொழியில் சொல்கின்றனர். மேலும் இன்று பல கணிப்பொறிகளில் ஒலிபெருக்கியே இருப்பதில்லை. அதற்கு மாற்றாகச் சில பலகைகளில் நான்கு சிறு விளக்குகள் உண்டு. விலை குறைந்த பலகைகள் பலவற்றில் அவையும் இல்லை.

காலம் கடந்துவிட்டதும் ஒரு குறை. டி.டி.ஆர்.5 நினைவகத்தின் தரவரையறை 2020-இல்தான் வெளியாயிற்று. அதைப் பூட்டி முதன்முறை இயக்கும்போது, பலகை நினைவகத்துடன் இசைந்துகொள்ளச் சில நிமிடங்கள்கூடத் திரை இருண்டிருக்கலாம். பொறுமை இழந்து மின்சாரத்தை நிறுத்துவோர் பழுதில்லாத இடத்தில் பழுதைத் தேடுகின்றனர்.

ஆயினும், இயந்திரம் எழும் வரிசையையே பழுது தேடும் வரிசையாகக் கொள்ளும் நூலின் மற்றொரு வழி இன்றும் பழுதற்றது. முதலில் மின்சாரம், பின் செயலி, பின் நினைவகம், பின் திரை, இறுதியில் வட்டு. மின்வழங்கி, பலகை, செயலி, அதன் விசிறி, ஒரே ஒரு நினைவகப் பட்டை ஆகியவற்றை மட்டும் வைத்து இயக்குங்கள். செயலியில் திரைப்பகுதி இல்லையெனில் தனி அட்டையும் வேண்டும். திரைக் கம்பியை அவ்வட்டையில்தான் செருக வேண்டும். திரை ஒளிர்ந்தால், எஞ்சியவற்றை ஒவ்வொன்றாகச் சேருங்கள். மாற்று உறுப்பு வாங்கப் பணம் செலவழிக்கும் முன் இவ்வளவையும் ஒரு மாணவர் தம் வீட்டிலேயே செய்துவிடலாம்.

நூலை வாங்குவதைவிட நூலகத்தில் கேட்டுப் படிப்பது போதும்; மின்வழங்கி இயலை மட்டும் இருமுறை படியுங்கள். இவ்வரிசையை நம் மின்சாரம், நம் பருவநிலை, நம் கைக்கெட்டும் கருவிகள் ஆகியவற்றுக்கேற்ப ஐம்பது பக்கங்களில் தமிழில் எழுதித் தருவோர் மாணவர்க்குப் பேருதவி செய்தவராவர்.