'சூட்டால்' என்பதும் 'சூட்டோடு' என்பதும்

நாயாற்று வாடிகளில் மீன் எடுத்து விற்கும் நானா ஒருவர் சென்ற மாதம் ஒரு துண்டுப்பிரசுரத்தைக் கொண்டுவந்து தந்தார்.

"சேர், நீங்க தமிழ் படிச்ச ஆள். இத ஒருக்காப் பாருங்க. ராத்தாவ இனி தெல்லிப்பழைக்குக் கொண்டுபோகத் தேவையில்லதானே?"

ராத்தாவுக்கு முற்றிய புற்றுநோய். உடல் முழுவதையும் சூடேற்றுவதால் புற்று கரையும் என்பதே பிரசுரத்தின் சாரம்.

அதற்குச் சான்றாக ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஒரு ஹதீஸை வைத்திருக்கிறார்கள். காய்ச்சலை ஏச வேண்டாம், துருத்தி இரும்பின் கசட்டைப் போக்குவதுபோல் அது பாவங்களைப் போக்கும் என்பது அதன் கருத்து. காய்ச்சலில் நடுங்கிய ஒரு பெண்ணுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஆறுதல் அது. பாவத்துக்குச் சொன்ன உவமையைப் பிரசுரகாரர் கட்டிக்கு வைத்தியமாக்கிவிட்டார். காய்ச்சலைத் தண்ணீரால் தணிக்கச் சொல்லும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. அதை அவர் தொடவேயில்லை.

சூட்டு வைத்தியம் வெறும் புரளியுமல்ல. 1974இல் எடின்பரோ மருத்துவர்கள் முற்றிய புற்றுநோயாளரை மயக்கத்தில் ஆழ்த்தி, உருகிய மெழுகில் கிடத்தி, உடற்சூட்டை ஏறத்தாழ 41.8 பாகை செல்சியசுக்கு உயர்த்தினார்கள். சிலருக்குக் கட்டி சுருங்கியது. ஆனால் அது நிலையான குணமாகவில்லை. அதற்கு மேலே சூடு போனால் ஈரலும் மூளையும் தாங்கா. முழு உடலைச் சூடேற்றுவது இன்னும் நிறுவப்பட்ட சிகிச்சையல்ல.

இடுப்புப் பகுதியை மட்டும் சூடேற்றிய நெதர்லாந்து ஆய்வு 2000இல் வெளிவந்தது. கருப்பைக் கழுத்துப் புற்றில், கதிர்ச் சிகிச்சை மட்டும் பெற்றோரில் மூன்று ஆண்டுகளின் பின் உயிரோடிருந்தோர் நூற்றுக்கு 27 பேர். அதனோடு சூடும் பெற்றோரில் 51 பேர்.

'அதனோடு' என்பதுதான் முக்கியம். 'ஆல்', 'ஓடு' இரண்டும் மூன்றாம் வேற்றுமை உருபுகளே. முன்னது கருவிப் பொருள், பின்னது உடனிகழ்ச்சிப் பொருள் என்று வகுப்பில் படிப்பிக்கிறோம். ஆய்வு 'சூட்டோடு' என்றது. பிரசுரம் 'சூட்டால்' என்கிறது. இந்த உருபு மாற்றத்தில் ராத்தாவின் கிளினிக் திகதி தவறப் பார்த்தது.

எழுதியவர் நல்லெண்ணத்தோடு எழுதியிருக்கலாம். ஆனால், ஹதீஸ் அச்சிட்ட தாளை நமது சனம் சந்தேகிக்காது. அந்த நம்பிக்கை எழுதுபவர் கையிலுள்ள அமானிதம்.

"கிளினிக்க விட்டுடாதீங்க, நானா. இந்தச் சூட்டு விஷயத்தையும் அங்க டாக்டர்ட்டயே கேளுங்க" என்றேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, யாழ்ப்பாண பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.