டெல்லி கணேஷின் திரைப்பேச்சும் தமிழ்க் கிளைமொழிகளும்

திரைப்பட நடிப்பை மதிப்பிடும் தமிழ்த் திறனாய்வு பெரும்பாலும் முகபாவத்தையும் உடலசைவையுமே கருத்தில் கொள்கிறது. பேச்சைப் பற்றிக் கூற நேரும்போது உரையாடல் எழுதியவரைப் பாராட்டுவதோடு நின்றுவிடுகிறது. தாளில் உள்ள உரையாடலை ஒரு வட்டாரத்தின் பேச்சாகவோ ஒரு சமூகத்தின் பேச்சாகவோ ஒலிக்கச் செய்பவர் நடிகர் என்பது உரிய கவனம் பெறுவதில்லை. 2024 நவம்பர் 9ஆம் நாள் தம் எண்பதாம் வயதில் சென்னையில் மறைந்த டெல்லி கணேஷின் நடிப்பை இந்நோக்கில் ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. நானூறுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர் அவர். இங்கு எடுத்துக்கொள்ளப்படுபவை சிலவே.

அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்ததும் இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் அடங்குவதுமான வல்லநாட்டில் 1944 ஆகஸ்டு முதல் நாள் பிறந்தவர் கணேஷ். 1964 முதல் 1974 வரை இந்திய விமானப் படையில் பணியாற்றினார். தலைநகரில் இயங்கிய தட்சிண பாரத நாடக சபாவின் மேடையில் நடித்தார். கே. பாலசந்தரின் 'பட்டினப் பிரவேசம்' (1977) வழியாகத் திரைக்கு வந்தார். பெயருக்கு முன் 'டெல்லி'யைச் சேர்த்தவரும் பாலசந்தரே. நெல்லைச் சீமையில் பிறந்த ஒருவர் வடநாட்டு நகரத்தின் பெயரைச் சுமந்து, பெரும்பாலும் சென்னை, தஞ்சை, பாலக்காட்டுக்காரராகத் திரையில் பேச நேர்ந்தது ஒரு வேடிக்கைதான். பல மாவட்டங்களிலிருந்தும் புலம்பெயர்ந்து ஓரிடத்தில் கூடிய தமிழர் நடுவே வாழ்வது, காதுள்ள ஒருவருக்குக் கிளைமொழி வேறுபாடுகளைக் கூர்ந்து கேட்கும் பயிற்சியாக அமைந்திருக்கும் எனக் கருத இடமுண்டு.

அவர்தம் திறனை அளக்க 'கொண்டு' என்னும் துணைவினை ஒன்றே போதும். தொடர்நிகழ்வைக் குறிக்கும் இத்துணைவினை பொதுப்பேச்சில் 'வந்துக்கிட்டு' என்றும், பிராமணர் பேச்சில் 'வந்துண்டு' என்றும், சென்னை உழைக்கும் மக்கள் பேச்சில் 'வந்துகினு' என்றும் திரிகிறது. பேசுபவர் எவ்விடத்தவர், எச்சமூகத்தவர் என்பதைக் கேட்பவர் நொடியில் அறிந்துகொள்ள இந்த ஓர் உருபன் போதுமானது. ழகரமும் அத்தகையதே. தென்மாவட்டத்தில் 'பளம்' என்றும் சென்னைப் பேச்சில் 'பயம்' என்றும் அது மாறுகிறது. இவ்வடையாளங்களை மனப்பாடம் செய்து ஒப்பிப்பது எளிது. சினம், அச்சம், அழுகை ஆகியவற்றின் நடுவிலும் அவை நழுவாமல் நிற்கும்படி பேசுவது அரிது.

துரை இயக்கிய 'பசி' (1979) இதற்குச் சான்று. சென்னைக் குடிசைப்பகுதி வாழ்க்கையைக் காட்டும் இப்படத்தில் குப்பை பொறுக்கும் பெண்ணாக நடித்த ஷோபாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. அவளுடைய தந்தையாக, மிதிவண்டி ரிக்‌ஷா ஓட்டுபவராக நடித்த கணேஷுக்குத் தமிழக அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது. அதுகாறும் தமிழ்த் திரையில் சென்னைப் பேச்சு பெரும்பாலும் நகைச்சுவை நடிகரின் உடைமையாகவே இருந்தது. அதைக் கேட்டவுடன் சிரிக்க வேண்டும் என்று பார்வையாளர் பழக்கப்பட்டிருந்தனர். 'பசி'யில் அப்பேச்சு வறுமையின் பேச்சாக, குடும்பத்துக்குள் புழங்கும் இயல்பான பேச்சாக ஒலிக்கிறது. தந்தை பேசும்போது அரங்கில் சிரிப்பு எழுவதற்கு இடமில்லை. கணேஷின் தொழில்வாழ்வில் மிகச் சிறந்த நடிப்பு இதுவே என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. பின்னாளைய நகைச்சுவை வேடங்களை முன்னிறுத்தி அவரை நினைவுகூர்வோர் இதை ஏற்காமல் போகலாம்.

குரல் மட்டுமே எஞ்சும் நிலையிலும் அவர் தம் திறனைக் காட்டியுள்ளார். பாலசந்தரின் '47 நாட்கள்' (1981) படத்தில் தெலுங்கு நடிகர் சிரஞ்சீவிக்குத் தமிழ்க் குரல் கொடுத்தவர் அவரே. தம் முகமும் உடலும் துணைக்கு வராத அவ்விடத்தில் பாத்திரத்தைத் தாங்கி நிற்பது ஒலிப்பு ஒன்றே.

இனி, பெரும்பாலோர் அறிந்த 'மைக்கேல் மதன காமராஜன்' (1990). சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கி, கிரேசி மோகன் உரையாடல் எழுதிய இப்படத்தில் கணேஷ் ஏற்றது பாலக்காட்டு மணி ஐயர் என்னும் சமையற்காரர் வேடம். ('சிந்து பைரவி'யில் (1985) குடிப்பழக்கத்துக்கு ஆட்பட்ட மிருதங்கக் கலைஞராக நடித்தவருக்கு, ஐந்தாண்டு கழித்து ஒரு மிருதங்க மேதையின் பெயர் சமையற்கட்டில் வாய்த்தது.) பாலக்காட்டுத் தமிழில் மலையாளச் சொற்கள் கலந்திருப்பது வெளிப்படை. அதனினும் முதன்மையானது தொடரின் இறுதியில் எழும் குரலேற்றம். வளர்ப்பு மகன் காமேஸ்வரனாக வரும் கமல்ஹாசன் இவ்வழக்கை ஒரு சாதனையாக நிகழ்த்திக் காட்டுகிறார். அதன் ஒவ்வோர் அடையாளமும் நம் காதில் விழவேண்டும் என்பது அவர் நோக்கம். கணேஷோ அதைத் தம் அன்றாடப் பேச்சுப்போல் கையாளுகிறார். திருமணச் சமையலில் சாம்பாருக்குள் மீன் விழுந்துவிடும் காட்சியில் நகைப்பு எழுவது நிகழ்ச்சியின் சிக்கலாலும் மணி ஐயரின் பதற்றத்தாலும் ஆகும். அவர் பேச்சின் ஒலிப்பை நகையாடி எழுவதன்று அந்நகைப்பு.

இவ்வேறுபாடு சிறியதன்று. பல ஆண்டுகளுக்கு முன் பாலக்காட்டு அக்கிரகாரம் ஒன்றில் பேச்சுப் பதிவுக்காகச் சென்றிருந்தபோது, ஒலிப்பதிவுக் கருவியைக் கண்ட முதியவர் ஒருவர், "நாங்கள் பேசினால் சினிமா மாதிரி இருக்கும், நீங்கள் சிரிப்பீர்கள்" என்று கூறிப் பொதுத்தமிழுக்கு மாறிவிட்டார். அன்றைய பதிவு பயனற்றுப் போயிற்று. ஒரு கிளைமொழி திரையில் தொடர்ந்து நகைப்பொருளாக்கப்படும்போது அதைப் பேசுவோர் பிறர்முன் அதைக் கைவிடுகின்றனர்.

கணேஷின் தொழில்வாழ்வில் வருந்தத்தக்கதும் இதனோடு தொடர்புடையதே. பிராமணப் பேச்சையும் பிற சாதியார் பேச்சையும் ஒப்பிட்டு வில்லியம் பிரைட்டும் ஏ. கே. இராமானுசனும் 1964இல் வெளியிட்ட ஆய்வுக்குப்பின், தமிழில் சாதிக் கிளைமொழி என்பது மொழியியலாருக்குப் பழகிய கருத்து. திரைப்படத் துறையினர் அதை வேடம் பிரிக்கும் கருவியாக்கிக்கொண்டனர். 'நாயகன்' (1987) படத்தில் மும்பையில் வேலு நாயக்கரின் உடன்நிற்கும் ஐயர், 'அவ்வை சண்முகி' (1996)யில் முதலியாரின் செயலர் சேதுராம ஐயர் எனப் பாத்திரத்தின் பெயரிலேயே அவர் பேசவேண்டிய மொழி முடிவாகிவிடுகிறது. 'நாயகன்' ஐயரில் அச்சமும் பற்றும் கலந்த ஒரு மனிதர் தெரிகிறார் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் 'பசி'யில் 'கினு'வை அத்துணை இயல்பாகக் கையாண்ட நாவுக்குத் தயாரிப்பாளர்கள் மீண்டும் மீண்டும் 'ண்டு'வையே அளித்தனர். 'அபூர்வ சகோதரர்கள்' (1989) படத்தின் எதிர்நாயகருள் ஒருவரான பிரான்சிஸ் அன்பரசு போன்றவை விதிவிலக்குகள்.

சின்னத்திரையைப் பற்றி நீளக் கூறுவதற்கில்லை. 'மர்மதேசம்', 'கஸ்தூரி' முதலிய தொடர்களில் அவர் நடித்தார். நாள்தோறும் ஒளிபரப்பாகும் குடும்பத் தொடர்களின் உரையாடல், எம்மாவட்டத்தையும் சாராத பொதுப்பேச்சுத்தமிழை நோக்கி நகர்ந்துவிட்டது. வானொலியும் திரைப்படமும் உருவாக்கத் தொடங்கிய அப்பொதுப்பேச்சைத் தொலைக்காட்சி நிலைபெறச் செய்தது எனலாம். அதில் தந்தையாகவும் பெரியவராகவும் வந்த கணேஷ் நம்பகமான நடிகராகத் திகழ்ந்தார். ஆனால் அவர் காதுக்கு அங்கு வேலை குறைவு.

நெல்லைப் பேச்சை மையமாகக் கொண்ட பெரிய வேடம் ஒன்று அவருக்கு அமைந்திருந்தால் எவ்வாறு இருந்திருக்கும் என்ற வினா எழுகிறது. வல்லநாட்டுச் சிறுவன் கேட்டு வளர்ந்த 'வந்தாவ', 'போனாவ' என்னும் மதிப்புப்பன்மை வடிவங்கள், மணி ஐயரின் 'வந்தேள்', 'போனேள்' போல ரசிகர் நினைவில் பதியும் வாய்ப்பைப் பெறவில்லை.