பேய் போன பிறகும் நிற்கும் பயம்

துப்பறியும் கதைகளுக்கு 1929இல் பத்துக் கட்டளைகள் எழுதினார் ரொனால்ட் நாக்ஸ். இயற்கையை மீறிய எந்தச் சக்திக்கும் இந்தக் கதைகளில் இடமில்லை என்பது அவற்றுள் இரண்டாவது. நாக்ஸ் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். அடுத்த ஆண்டு லண்டனில் தொடங்கிய டிடெக்‌ஷன் கிளப்பின் முதல் தலைவர் ஜி. கே. செஸ்டர்டனும் ஆழ்ந்த கத்தோலிக்கர். ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயிலோ, இறந்தவர்களோடு பேச முடியும் என்று நாடு நாடாகப் போய்ச் சொற்பொழிவாற்றியவர். கண்ணுக்குத் தெரியாத உலகத்தை மனதார நம்பிய இந்த மூவரும், கொலைக்கு விடை சொல்ல அந்த உலகத்தைக் கூப்பிடவில்லை. ஆனால் டாயிலும் செஸ்டர்டனும் அதைக் கதையின் வாசல்வரை வரவிட்டார்கள். மர்மக் கதையின் மிக உயர்ந்த சுகங்களில் சில அந்த வாசலில்தான் பிறந்திருக்கின்றன.

மர்மக் கதையில் வரும் பேய், எழுத்தாளர் வாசகரிடம் வாங்கும் கடன். பயத்தை முதலிலேயே வாங்கிக்கொள்கிறார். கடைசி அத்தியாயத்தில் அதே கனமுள்ள ஒன்றைத் திருப்பித் தந்தாக வேண்டும். வெள்ளைத் துணி போர்த்திய வேலைக்காரன், யாரும் சொல்லாத இரட்டைப் பிறவி, காப்பியில் கலந்த மயக்க மருந்து என்று கணக்கை முடித்தால் வாசகர் ஏமாந்துபோகிறார். பேய் பொய்யாகலாம், அவர் பட்ட பயம் பொய்யாகிவிடக் கூடாது.

இந்தக் கடனை முழுதாகத் தீர்த்த நாவல் டாயிலின் 'தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்'. 1901 ஆகஸ்ட் முதல் 1902 ஏப்ரல் வரை 'தி ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் தொடராக வந்தது. டார்ட்மூர் என்ற பரந்த பொட்டல் வெளி, அதன் ஓரத்தில் ஒரு பழைய மாளிகை, 1742ஆம் ஆண்டுத் தேதியிட்ட ஒரு கையெழுத்துப் பிரதி. பாவம் செய்த முன்னோன் ஒருவனின் குரல்வளையை ஒரு நரக நாய் கிழித்ததாகவும், அந்தச் சாபம் வம்சத்தைத் தொடர்வதாகவும் அது சொல்கிறது. இப்போது சர் சார்லஸ் பாஸ்கர்வில் தன் தோட்டப் பாதையில் செத்துக் கிடக்கிறார். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. சற்றுத் தள்ளி, மிகப் பெரிய நாய் ஒன்றின் காலடித் தடங்கள்.

டாயில் தடயங்களை வைத்திருக்கும் விதத்தைப் பாருங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு விதமாக வாசிக்கலாம். சர் சார்லஸின் காலடிகள் ஓரிடத்துக்குப் பிறகு மாறுகின்றன. நுனிக்காலில் நடந்திருக்கிறார் என்கிறார்கள். இருட்டில் ஒரு கிழவர் நுனிக்காலில் நடந்தார் என்று கேட்டாலே வயிற்றைப் பிசைகிறது. ஹோம்ஸ் அதே தடத்தில் வேறொன்றைப் படிக்கிறார்: அவர் ஓடியிருக்கிறார், உயிருக்குப் பயந்து, நெஞ்சு வெடிக்கும்வரை. விளக்கம் கிடைத்த பிறகு அந்தக் காட்சியின் பயம் இன்னும் கூடுகிறது.

இதைவிட நுட்பமானது பூட்ஸ் விவகாரம். வாரிசான சர் ஹென்றி லண்டன் ஹோட்டலில் தங்கியிருக்கும்போது அவருடைய புதிய பூட்ஸ்களில் ஒற்றை காணாமல் போகிறது. அடுத்து, பழைய பூட்ஸ் ஒன்று தொலைகிறது. அதன் பிறகு புதியது மட்டும் திரும்ப வருகிறது. சிரித்துவிட்டுக் கடந்துபோகத் தோன்றும் சின்னச் சம்பவம்தான். ஆனால் காலில் போடாத புது பூட்ஸில் மனித வாசனை இருக்காது, பழையதில் இருக்கும். மோப்பம் பிடித்துத் துரத்துவதற்குத்தான் அது வேண்டும். நரகத்திலிருந்து வரும் நாய்க்கு மோப்பம் தேவையில்லை. ஆக, வரப்போவது ரத்தமும் சதையும் உள்ள நாய். பேயைப் பொய்யாக்கும் தடயத்தை, பேய் கண்ணில் படுவதற்கு வெகு முன்பே டாயில் நம் கையில் கொடுத்துவிடுகிறார். அப்படியும் பனிமூட்டத்திலிருந்து வாயில் நெருப்போடு அந்த மிருகம் பாயும்போது, கற்றதெல்லாம் மறந்து நாமும் ஹோம்ஸின் நண்பர் வாட்சனோடு உறைந்து நிற்கிறோம். சுட்டு வீழ்த்திய பிறகு வாட்சன் அதன் மூஞ்சியைத் தொட்டுப் பார்க்கிறார். அவர் விரல்களும் இருட்டில் ஒளிர்கின்றன. பாஸ்பரஸ்.

விடை பாஸ்பரஸ்தான் என்று தெரிந்தும் ஏன் ஏமாற்றம் வருவதில்லை? அந்தக் கட்டுக்கதையே இங்கே கொலை ஆயுதம். சர் சார்லஸுக்கு இதயம் பலவீனம், சாபத்தில் நம்பிக்கை அதிகம். அந்த நம்பிக்கையைத் தெரிந்த ஒருவன் அதைக் கொண்டே அவரைக் கொன்றான். நாய் அவரைக் கடிக்கக்கூட இல்லை. ஒருவனுடைய பயத்தை அறிந்து, அதைக் கொண்டு அவனைக் கொல்லும் மனிதனைவிட நரக நாய் எந்த விதத்தில் பயங்கரம்?

1924இல் வந்த 'தி சசெக்ஸ் வாம்பயர்' சிறுகதையில் டாயில் இன்னும் ஒரு படி ஏறுகிறார். ஒரு தாய் தன் கைக்குழந்தையின் கழுத்தில் வாய் வைத்திருக்கிறாள். நிமிரும்போது உதட்டில் ரத்தம். கணவன் கண்ணாலேயே பார்த்துவிட்டான். ஹோம்ஸ் ரத்தக் காட்டேரியை ஒரு கணமும் நம்பவில்லை. சுவரில் தொங்கும் தென் அமெரிக்க ஆயுதங்கள், கால் இழுத்து நடக்கும் வீட்டு நாய், ஜன்னல் கண்ணாடியில் பிரதிபலிக்கும் ஒரு சிறுவனின் முகம் ஆகியவற்றிலிருந்து உண்மையை எட்டுகிறார். தாய் உறிஞ்சியது விஷத்தை. அதைக் குழந்தையின் உடம்பில் ஏற்றியவன், பொறாமையில் வெந்த மூத்த தாரத்து மகன். கணவனிடம் இதைச் சொல்ல மனம் வராமல் அவள் பழியைத் தானே சுமக்கிறாள். காட்டேரி இருந்திருந்தால் அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவோ நிம்மதி. இந்தக் கதையை எழுதியபோது டாயில் ஆவியுலகப் பிரசாரத்தின் உச்சத்தில் இருந்தார். தன் நம்பிக்கையை ஹோம்ஸின் தலையில் ஏற்றாத அந்த நேர்மையை நான் வணங்குகிறேன்.

செஸ்டர்டனின் பிரவுன் பாதிரியார் வேறு வழியில் வருகிறார். கடவுளை நம்புவதாலேயே அவர் கண்ட கண்ட அதிசயங்களை நம்புவதில்லை. 'தி ஆரக்கிள் ஆஃப் தி டாக்' கதையில், தோட்டத்தில் ஒருவர் கொலையாகும் நேரத்தில் கடற்கரையில் ஒரு நாய் ஊளையிடுகிறது. நாய்க்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று படித்தவர்கள் மெய்சிலிர்க்கிறார்கள். பாதிரியார் நாயை நாயாகவே பார்க்கிறார். அது ஏன் ஊளையிட்டது என்று நாயின் மனதோடு யோசித்தால் கொலைக் கருவியே கிடைத்துவிடும். அதை நீங்களே படித்து ரசியுங்கள்.

பூட்டிய அறைக் கொலைகளின் மன்னர் ஜான் டிக்சன் கார். அவருடைய 'தி பர்னிங் கோர்ட்' (1937) தொடங்கும்போது ஒருவன் ரயிலில் ஒரு கையெழுத்துப் பிரதியைப் புரட்டுகிறான். முந்தைய நூற்றாண்டில் கில்லட்டினில் தலை வெட்டப்பட்ட விஷக்காரி ஒருத்தியின் புகைப்படம் அதில் இருக்கிறது. அது அவன் மனைவியின் முகம். பிறகு, அடைத்த சுவரில் இருந்த கதவு வழியே ஒரு பெண் போகிறாள். மூடிய கல்லறையிலிருந்து பிணம் மறைகிறது. ஒவ்வொன்றுக்கும் மனித விளக்கத்தைக் கார் குறைவைக்காமல் தருகிறார். அதன் பின் வரும் சில பக்கங்கள் அத்தனையையும் வேறொரு வெளிச்சத்தில் காட்டுகின்றன. ஆட்ட விதியை மீறிவிட்டார் என்று சொல்பவர்கள் உண்டு. நான் காரின் பக்கம். கடனை முழுதாக அடைத்துவிட்டுத்தான் அவர் அந்தக் கதவைத் திறக்கிறார்.

வில்லியம் ஹோப் ஹாட்சன் படைத்த கார்னாக்கி, பேய்களைத் துப்பறிவதையே தொழிலாகக் கொண்டவர். அவருடைய வழக்குகள் சிலவற்றில் மனிதச் சூழ்ச்சி, சிலவற்றில் மெய்யான ஆவி, இரண்டும் கலந்தவையும் உண்டு. எது எதுவென்று முன்கூட்டித் தெரியாததே அந்தக் கதைகளின் ருசி. ஜப்பானின் செய்ஷி யோகோமிசோ, 'தி ஹோன்ஜின் மர்டர்ஸ்' நாவலில் பனி விழுந்த இரவில் கோட்டோ வாத்தியத்தின் ஓசையை ஒலிக்க வைக்கிறார். நம்மை நடுங்க வைக்கும் அந்த ஓசையே வழக்கின் துப்பும்கூட.

தமிழில் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' இந்த வரிசையில் தலை நிமிர்ந்து நிற்கும். துப்பறியும் இருவரில் கணேஷ் அறிவியலின் பக்கம். வசந்த் பேயின் பக்கம் சாய்கிறான். இருவர் வாதமும் சரிசமமாக ஓட, லேசரும் ஹோலோகிராமும் தமிழ் வாசகருக்குப் புதிதாக இருந்த காலத்தில் அவற்றை விடைக்குள் கொண்டுவந்தார் சுஜாதா. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கி, 1990களில் சன் டிவியில் வந்த 'மர்மதேசம்' தொடரின் 'விடாது கருப்பு' எடுத்துக்கொண்டது இன்னும் கடினமான வேலை. பாஸ்கர்வில் நாய் ஒரு பழைய தாளில் இருந்த கதை. கருப்பசாமியோ இன்றைக்கும் பொங்கல் வைத்துக் கும்பிடும் தெய்வம். அவர் பெயரால் நடக்கும் கொலைகளுக்கு விடை சொல்ல வேண்டும், கும்பிடுகிறவர்களின் மனதையும் புண்படுத்தக் கூடாது. மனித மனத்தின் பிளவில் விடையைத் தேடிய அந்தத் தொடர், ஊரின் தெய்வத்தைச் சிறுமைப்படுத்தாமல் விட்டது. தமிழ் மர்மக் கதைக்கென்றே உள்ள சவால் இது. நம் எழுத்தாளர்கள் இதில் இன்னும் போகவேண்டிய தூரம் நிறைய.

விடை தெரிந்த பிறகு ஒரு மர்மக் கதையை மறுபடி படித்துப் பாருங்கள். பேய் யாருக்காக உழைத்தது, எந்தத் தடயம் அதை முன்பே காட்டிக்கொடுத்தது என்று தேடுங்கள். இரண்டாம் வாசிப்பிலும் பயம் குறையவில்லை என்றால் அந்தப் பேய்க்கு அந்தக் கதையில் இடம் உண்டு. குறைந்துவிட்டால், நாக்ஸின் இரண்டாவது கட்டளை அந்தக் கதைக்காகவே எழுதப்பட்டது.