மட்டும் தேறலும்: புறநானூறு 24-இல் குடிவகைகளின் ஒப்பீடு

புறநானூற்றின் 24-ஆம் பாடலைப் பாடியவர் மாங்குடி கிழார். பாடப்பட்டவன் பாண்டியன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன். திணை பொதுவியல், துறை பொருண்மொழிக்காஞ்சி. வாழ்வின் உறுதிப்பொருளை அரசனுக்கு எடுத்துச் சொல்லும் பாடல் என்றே இது வகுப்பறைகளில் படிக்கப்படுகிறது. அதில் பிழையில்லை. ஆனால் பாடலின் பெரும்பகுதி அறிவுரை அன்று. ஒரு கடற்கரையும் அங்குள்ளோர் குடிப்பதும்தான். மூன்று குடிவகைகள் மூன்று வகை மக்களிடம் வருகின்றன. அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் படித்தால், புகழ்ச்சிப் பாடலாகத் தோன்றும் இதற்குள் வேறொரு குரல் கேட்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஒப்பீட்டுக்குத் துணையாக, இன்று உலக விஸ்கிகளைச் சுவைத்து மதிப்பிடுவோரின் முறையும் இங்கே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

பாடலும் நிலமும்

பாடல் வெயிலில் தொடங்குகிறது. நெல் அறுக்கும் தொழிலாளர் வெயில் பொறுக்காமல் கடலின் அலைமேல் பாய்கின்றனர். திண்ணிய திமிலை உடைய பரதவர் வெம்மை மிக்க மட்டைக் குடித்துவிட்டுக் குரவை ஆடுகின்றனர். புன்னைப் பூச்சூடிய இளைஞர் பெண்களுக்குக் கைகொடுத்து ஆடுகின்றனர். முண்டகப் பூமாலை அணிந்த பெண்கள் பனங்குரும்பையின் நீர், கரும்பின் சாறு, தாழையின் இனிய நீர் ஆகிய மூன்றையும் கலந்து குடித்துக் கடலில் பாய்கின்றனர். தாழை என்பது இங்கே தென்னையைக் குறிக்கும் என்பது உரை மரபு. கடலுக்கு முந்நீர் என்று ஒரு பெயர் உண்டு. மூன்று நீரைக் குடித்து முந்நீரில் பாய்ந்தார்கள் என்று சொல் விளையாட்டாகச் சொல்கிறார் புலவர்.

இந்த நிலம் மிழலை. அதன் தலைவன் வேள் எவ்வி. பிற்காலக் கல்வெட்டுகளில் வரும் மிழலைக் கூற்றம் இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தின் அறந்தாங்கி, ஆவுடையார்கோயில் பகுதிகளை ஒட்டியது என்று ஆய்வாளர் கொள்வர். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என இன்றும் மீனவர் வாழும் கரை அது. நெல்வயலும் கடலும் ஒன்றையொன்று தொடும் நிலவமைப்பை இப்பகுதிக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். அறுப்பறுப்பவர் கடலில் குதிப்பது வெறும் கற்பனை அன்று.

இவ்வளவும் சொன்ன பிறகுதான் மிழலையையும் முத்தூற்றையும் நெடுஞ்செழியன் கைப்பற்றிவிட்டான் என்ற செய்தி வருகிறது. அதன்பின் வாழ்த்து. இறுதியில், ஒளிரும் தொடி அணிந்த மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தரும் குளிர்ந்த மணமுள்ள தேறலைக் குடித்து மகிழ்ந்திரு என்கிறார் புலவர்.

சுவைஞரின் குறிப்பேடு

விஸ்கி மதிப்பீட்டாளர்கள் ஒரு கோப்பையை மூன்று படிகளில் அணுகுகின்றனர். முதலில் முகர்தல், அடுத்து நாவில் சுவைத்தல், பின்னர் விழுங்கியபின் தங்கும் சுவையைக் கவனித்தல். சில துளி நீர் விட்டு மீண்டும் முகர்வதும் உண்டு. வெனிலா, உலர்ந்த பழம், தேன், புகை, கடற்பாசி என்று ஒப்புமைகளால் குறிப்பு எழுதப்படும். இறுதியில் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண். பெயர்ச்சீட்டை மறைத்துச் சுவைப்பது நடுநிலைக்கு அடையாளமாகக் கருதப்படுகிறது.

இந்த முறையால் நன்மை இல்லாமல் இல்லை. பெங்களூரின் அம்ருத் நிறுவனம் 2004-இல் தன் மால்ட் விஸ்கியை கிளாஸ்கோ நகரில் அறிமுகம் செய்தபோது, இந்தியாவிலிருந்து விஸ்கியா என்று புருவம் உயர்த்தியவர்கள் பலர். ஜிம் மர்ரே தம் விஸ்கிக் கையேட்டின் 2010 பதிப்பில் அம்ருத் ஃப்யூஷனை உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று குறித்தார். இந்திய பார்லியும் புகையூட்டிய ஸ்காட்லாந்து பார்லியும் சேர்ந்தது அது. 2015 பதிப்பில் ஜப்பானின் யமசாகி முதலிடம் பெற்றது. ஊர்ப்பெயரைத் தள்ளிவைத்துச் சுவையை மட்டும் பார்த்ததால் நேர்ந்த மாற்றங்கள் இவை.

ஆனால் சுவைக்குறிப்பு சுவைப்பவரையும் காட்டிக்கொடுக்கும். அதே கையேட்டில் விஸ்கிகளைப் பெண்ணுடலோடு ஒப்பிட்டு எழுதியதற்காக 2020-இல் கடுமையான கண்டனம் எழுந்தது. விற்பனையாளர் சிலர் நூலை விற்பதையே நிறுத்தினர். வடித்தவர், மூட்டை சுமந்தவர், பீப்பாய் செய்தவர் யாரும் மதிப்பெண் பட்டியலில் வருவதில்லை. மாங்குடி கிழாரின் முறை இதற்கு நேர் எதிரானது. மட்டின் மணம் என்ன, நிறம் என்ன என்று அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. குடித்தவர் யார், எந்த வேலைக்குப் பின் குடித்தார், குடித்தபின் என்ன செய்தார் என்பதே அவர் தரும் குறிப்பு.

சங்கப் புலவர்க்குச் சுவைக்குறிப்பு எழுதத் தெரியாது என்று இதைக் கொண்டு முடிவு செய்ய வேண்டாம். நாள்பட்ட தேறலின் கடுப்பைத் தேள் கொட்டிய கடுப்புக்கு ஒப்பிட்டவர் ஔவையார் (புறம் 392). பாம்பின் சீற்றத்துக்கு ஒப்பிட்டவர்களும் உண்டு. இவை பழத்தையோ பூவையோ சுட்டும் ஒப்புமைகள் அல்ல. உடலில் ஏறும் விதத்தைச் சொல்பவை. விஸ்கிக்காரர்கள் கடைசியாகக் கவனிக்கும் அந்தத் தங்கும் சுவையையே நம் புலவர்கள் முதலில் கவனித்திருக்கிறார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை: சங்கக் குடிவகைகள் புளிக்க வைத்தவை, வடித்து எடுத்தவை என்பதற்குச் சான்றில்லை. ஆகவே தேளும் பாம்பும் இன்றைய விஸ்கியின் வலிமையைக் குறிப்பதாக எண்ணக்கூடாது.

செய்முறையிலும் வியப்பூட்டும் ஒற்றுமை ஒன்று உண்டு. பெரும்பாணாற்றுப்படை அரிசிக் கள் செய்யும் முறையை விரிவாகக் கூறுகிறது. அரிசிக் கூழை அகன்ற தட்டில் ஆற்றி, முளைத் தானியத்தின் மாவைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து, பின் விரலால் பிழிந்தெடுப்பர். முளைவிட்ட பார்லிதான் மால்ட். தானியத்தின் மாப்பொருளைச் சர்க்கரையாக்க முளையைப் பயன்படுத்தும் அறிவு இரண்டு இடத்திலும் ஒன்றே. மூங்கில் குழாயில் தேறலை முதிரவைத்த செய்தி மலைபடுகடாத்தில் உண்டு. ஓக் பீப்பாய்க்கு அதை ஒப்பிடத் தோன்றும். ஆயினும் மூங்கிலில் எவ்வளவு காலம் வைத்தார்கள் என்பதைப் பாடல் சொல்லவில்லை.

ஒரே சாடியின் இரு நிலைகள்

இனி மையக் கருத்துக்கு வரலாம். மட்டு, தேறல், நறவு, கள், பிழி எல்லாம் ஒருபொருட் பன்மொழி என்று நிகண்டு வழியில் கடந்து போவது நம் வழக்கம். ஆனால் கபிலர் பறம்பு நாட்டைப் பாடிய 120-ஆம் புறப்பாட்டில் நிலத்தில் புதைத்து முதிரவைத்த மட்டின் தேறல் வருகிறது. மட்டிலிருந்து தேறல் வருகிறது என்றால் இரண்டும் ஒன்றல்ல. தெளிந்தது தேறல், கலங்கலாய் இருப்பது மட்டு. நடுவே நிற்பது காலம். பறம்பு என்று கருதப்படும் பிரான்மலை புதுக்கோட்டை மாவட்ட எல்லையை ஒட்டியே இருக்கிறது. அந்த வட்டாரத்தில் கபிலர் கண்ட வேறுபாட்டை மாங்குடி கிழார் அறியாமல் இருந்திருப்பாரா?

இந்த வேறுபாட்டோடு 24-ஆம் பாடலை மீண்டும் படித்தால், பரதவர் குடித்த வெம்மையான மட்டுதான் அரசனின் பொற்கலத்தில் குளிர்ந்த தேறலாக வந்து நிற்கிறது. வெம்மை போய்த் தண்மை வந்துவிட்டது. மண் கைமாறியதைப் புலவர் ஓர் அடியில் சொல்லிவிட்டார். குடி கைமாறியதைச் சொல்லாமல் காட்டுகிறார். கரையில் மூன்று நீரைத் தாமே கலந்து, தாமே குடித்து, தாமே பாய்ந்த பெண்களுக்குக் கொடுத்த அதே ஒளிர்தொடி அடைமொழியை அரண்மனையில் கலம் ஏந்தும் பெண்களுக்கும் கொடுக்கிறார். அங்கே குடித்தார்கள், இங்கே ஊற்றுகிறார்கள். இது தற்செயலாக நேர்ந்தது என்று என்னால் ஏற்க முடியவில்லை. தோற்றவனான எவ்விக்கோ, தனக்கென்று எதையும் காத்துவைக்காத கொடையாளி என்ற அழகிய அடைமொழி கிடைக்கிறது. வென்றவனின் முன்னே நின்று இப்படிப் பாடுவதற்குத் துணிவு வேண்டும்.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். ஒன்று, பொற்கலத் தேறல் ஒரு வாய்பாடு. மதுரைக்காஞ்சியின் முடிவிலும் ஏறக்குறைய இதே வாழ்த்து, இதே அரசனுக்கு வருகிறது. அதைப் பாடிய மாங்குடி மருதனாரும் இவரும் ஒருவரே என்பாரும் உளர். வாய்பாடு என்பது உண்மைதான். ஆனால் மதுரைக்காஞ்சி நிலையாமை கூறும் நெடும்பாட்டு. அங்கும் அந்த வாழ்த்து இறந்துபோன அரசர்களின் நினைவுக்குப் பின்னரே வருகிறது. வாய்பாட்டை எந்த இடத்தில் வைக்கிறார் என்பதில்தான் புலவரின் கை தெரிகிறது.

மற்றொன்று சற்று வலுவானது. நக்கீரர் 56-ஆம் பாடலில் இன்னொரு பாண்டியனுக்குப் பொற்கலத்தில் தரப்படுவது யவனர் கொண்டுவந்த தேறல். அப்படியானால் நெடுஞ்செழியனின் கலத்திலும் இருந்தது கடல் கடந்த திராட்சை மதுவாக இருக்கலாமே? இருக்கலாம். அரிக்கமேட்டில் யவனச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்துள்ளன. புதுக்கோட்டைப் பகுதியிலேயே, கருக்காக்குறிச்சியில் 1898-இல் 501 ரோமப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. பல காசுகளில் பேரரசரின் முகத்தில் உளிவெட்டு இருந்தது. வெளிநாட்டுப் பொருளும் பொன்னும் இந்த வட்டாரத்துக்குப் புதியவை அல்ல. ஆனால் 56-இல் யவனரைப் பெயர்சொல்லிக் குறிக்கிறார் நக்கீரர். 24-இல் அப்படி ஒரு குறிப்பு இல்லை; மிழலையின் மட்டு மட்டுமே இருக்கிறது. ஒருவேளை யவனத் தேறலே என்று கொண்டாலும், மிழலைக் கரையில் பொங்கிய அத்தனை குடியும் வென்றவனின் கலத்தில் இடம்பெறவில்லை என்றே ஆகும். அது இன்னும் கசப்பான வாசிப்பு.

இன்றைய கரை

தமிழ்நாட்டில் கள் இறக்குவதும் விற்பதும் 1987 முதல் தடையில் உள்ளன. மது சில்லறை விற்பனை 2003 முதல் அரசின் டாஸ்மாக் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. மிழலைக் கரையில் பனையும் தென்னையும் நிற்கின்றன. 2018 நவம்பரில் வந்த கஜா புயல் மாவட்டத்தின் தென்னந்தோப்புகள் பலவற்றைச் சாய்த்தபின்னும் மீண்டும் நட்டிருக்கிறார்கள். பதநீரும் நுங்கும் கோடையில் விற்கின்றன. மட்டு, தேறல், நறவு என்று பிரித்துச் சொன்ன மொழியில் இப்போது பேச்சுவழக்கில் எல்லாவற்றுக்கும் சரக்கு என்ற ஒரே சொல்தான். விஸ்கி, பிராந்தி, ரம் என்ற பிரிவும் பெரும்பாலும் பெயர்ச்சீட்டில் இருப்பதே. இந்தியாவில் விஸ்கி என்று விற்பவற்றுள் மிகப் பல, கரும்பாலைக் கழிவான வெல்லப்பாகிலிருந்து வடித்த சாராயத்தில் சிறிது மால்ட் கலந்தவை. தானியத்தில் வடிக்காததை விஸ்கி என்று விற்க ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. மாங்குடி கிழார் பெண்களின் கையில் கொடுத்த மூன்று நீரில் கரும்பின் சாறு ஒன்று. பரதவரின் பேரப்பிள்ளைகள் இன்று குடிப்பதும் கரும்பிலிருந்து வந்ததுதான். கலந்தவர் யார் என்பது மட்டும் புட்டியின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருக்கிறது.